ஒரே பாட்டா (தாத்தா), ஐந்து சீட்டு: மருத்துவம், நர்சிங், பார்மசி, பிசியோ மாணவர்களுக்கான ஆன்லைன் கூட்டு வகுப்பு (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

நான் நர்சிங் ஆசிரியை. கன்னியாகுமரி மாவட்டத்தில் சில ஆசிரியர்கள் சேர்ந்து எம்.பி.பி.எஸ்., நர்சிங், பார்மசி, பிசியோதெரபி மாணவர்களை ஒரே திரையில் உட்கார வைத்து ஒரு வகுப்பு நடத்துகிறோம். வேறு கல்லூரிக்காரர்களும் மாணவர்களும், சில நேரம் பெற்றோரும் போனில் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். அதே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலித்ததுதான் காரணம்.

இது என்ன வகுப்பு? பாடம் எது?

தனிப் பாடம் இல்லை. வெளியே 'இன்டர்புரொபஷனல் எஜுகேஷன்' என்பார்கள், சுருக்கமாக ஐபிஇ. உலக சுகாதார நிறுவனம் 2010-இல் இதற்கென்று ஒரு செயல்திட்ட அறிக்கையே வெளியிட்டது. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தொழில்களைச் சேர்ந்த மாணவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவரும், ஒருவரிடமிருந்து ஒருவரும், ஒருவரோடு ஒருவரும் சேர்ந்து கற்பது என்று அதில் விளக்கம் இருக்கிறது. இந்த 'பற்றி, இடமிருந்து, ஓடு' மூன்றும் இருந்தால்தான் அது கூட்டு வகுப்பு.

பெரும்பாலான இடங்களில் கடைசி ஒன்று மட்டும்தான் நடக்கிறது. முந்நூறு பேரை ஒரே மீட்டிங்கில் சேர்த்து, ஒரு பெரிய டாக்டரை 'டீம் ஒர்க்கின் முக்கியத்துவம்' பற்றி ஒன்றரை மணி நேரம் பேச வைத்து, சான்றிதழும் அனுப்பிவிடுகிறார்கள். அதில் மாணவர்கள் ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தவரைக் கூட்டாளி என்று சொல்வோமா?

வேலைக்குப் போனால் தானாகப் பழகிவிடாதா?

எனக்குப் பழகவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஒரு மருத்துவமனையில் இரவு டியூட்டி. சர்க்கரை ஏறியிருந்த ஒருவருக்கு இன்சுலின் எவ்வளவு போடுவது என்று டாக்டரைப் போனில் கேட்டேன். அவர் தூக்கக் கலக்கத்தில் 'ஃபிஃப்டீன்' என்றார். என் காதில் 'ஃபிஃப்டி' என்று விழுந்தது. ஐம்பது யூனிட் என்று எழுதிக்கொண்டேன். எழுதும்போதே மனதில் இடித்தது. ஆனால் அதே டாக்டர் முந்தைய வாரம் இரண்டாம் முறை போன் செய்ததற்குக் கத்தியிருந்தார், அதனால் மறுபடி கேட்கத் தைரியம் வரவில்லை. மருந்து எடுக்கப் போகும்போது சீனியர் சிஸ்டர் நோட்டைப் பார்த்து, "ஏ பிள்ளே, அம்பதா? யாருக்கு?" என்றார். அவரே போனை எடுத்து, "சார், ஒன்று ஐந்தா, ஐந்து பூஜ்யமா?" என்று கேட்டார். ஒன்று ஐந்து.

நாலு வருடம் படித்ததில் இன்சுலின் எப்படி வேலை செய்கிறது என்று எனக்குத் தெரியும். சந்தேகம் வந்தால் மேலே இருப்பவரிடம் எந்த வாக்கியத்தில் கேட்பது என்று யாரும் சொல்லித் தரவில்லை. அந்த டாக்டருக்கும் யாரும் எதுவும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள், பாவம்.

இது என் ஒருத்தியின் கதை மட்டும் இல்லை. அமெரிக்காவில் மருத்துவத் தவறுகளால் வருடத்துக்கு 44,000 முதல் 98,000 பேர் வரை மருத்துவமனைகளில் இறக்கிறார்கள் என்று 1999-இல் வந்த அறிக்கை கணக்கிட்டது. தனி ஆளின் கவனக்குறைவை விட, வேலை நடக்கும் முறையில் உள்ள ஓட்டைகளே பெரிய காரணம் என்பது அதன் வாதம். 2008-இல் உலக சுகாதார நிறுவனம் அறுவை சிகிச்சைக்கு 19 அம்சப் பட்டியல் ஒன்றைக் கொண்டுவந்தது. கத்தி வைப்பதற்கு முன் அறையில் இருக்கும் எல்லாரும் பெயரும் பொறுப்பும் சொல்லி அறிமுகம் செய்துகொள்ள வேண்டும் என்பது அதில் ஒன்று. டெல்லி உட்பட எட்டு நகரங்களில் அதைப் பயன்படுத்திப் பார்த்தபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாக இறங்கியது. முழுப் பெருமையும் அந்தப் பட்டியலுக்கே சேருமா என்று பின்னால் வாதம் நடந்தது. இருக்கட்டும், பெயர் சொல்லிக்கொள்வதில் யாருக்கு என்ன நஷ்டம்?

நேரில் நடத்தக் கூடாதா? ஏன் ஆன்லைன்?

ஆசாரிபள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி, கோட்டாற்றில் அரசு ஆயுர்வேதக் கல்லூரி, குலசேகரம் பக்கம் ஒன்று என்று மாவட்டம் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. நர்சிங், பார்மசி கல்லூரிகள் அதற்கும் மேல். குலசேகரத்திலிருந்து நாகர்கோவிலுக்குப் பஸ்ஸில் வரவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நாலு கல்லூரி டைம்டேபிளில் எல்லாருக்கும் ஒழிகிற நேரம் கிடைப்பது குதிரைக் கொம்பு. எங்களுக்குக் கிடைத்தது செவ்வாய் இரவு ஏழரை மட்டும்தான்.

இன்னொரு காரணம் போகப் போகத்தான் தெரிந்தது. முதலில் ஒரு முறை நேரில் நடத்தினோம். ஹாலுக்குள் நுழைந்ததும் வெள்ளை கோட்டுகள் முன் வரிசையில் போய் உட்கார்ந்தன. நர்சிங் யூனிஃபார்ம் பின் வரிசைக்குப் போனது. யாரும் சொல்லவில்லை, தண்ணீர் பள்ளத்துக்குப் போகிற மாதிரி போனார்கள். திரையில் முன் வரிசை கிடையாது, எல்லாருடைய கட்டமும் ஒரே அளவு. பேசத் தயங்குகிறவள் சாட்டில் எழுதுகிறாள்.

வகுப்பு எப்படி நடக்கும்? உதாரணம் சொல்ல முடியுமா?

ஐந்து பேருக்கு ஒரு பிரேக்அவுட் ரூம், அதாவது ஆன்லைன் மீட்டிங்குக்குள்ளேயே சிறு குழுவுக்கான தனி அறை. ஒரு நோயாளி. ஆளுக்கொரு சீட்டு, வகுப்புக்குப் பத்து நிமிடம் முன் வாட்ஸ்அப்பில் தனித்தனியாக வரும். அடுத்தவர் சீட்டைப் பார்க்க முடியாது. ஒருவர் சீட்டை மட்டும் வைத்து விடை கண்டுபிடிக்கவும் முடியாது. வகுப்பின் உயிரே இதில்தான் இருக்கிறது. மற்றதெல்லாம் அலங்காரம்.

நாங்கள் அதிகம் பயன்படுத்துவது கடியபட்டணத்துப் பாட்டா ஒருவரின் கதை. கற்பனை ஆள், ஆனால் ஊரில் வீட்டுக்கு வீடு இருக்கிற ஆள். 68 வயது, கடலுக்குப் போனவர், மூன்று வாரத்துக்கு முன் பக்கவாதம் வந்து இடது கை, கால் விழுந்துவிட்டது.

எம்.பி.பி.எஸ். மாணவரின் சீட்டு: இரண்டு நாளாகக் காய்ச்சல். வலது நுரையீரலின் அடியில் கரகர சத்தம்.

நர்சிங் மாணவியின் சீட்டு: தண்ணீர் குடித்தால் இருமல் வருகிறது. குடித்த பிறகு குரல் களகளவென்று ஈரமாகக் கேட்கிறது.

பார்மசி மாணவரின் சீட்டு: இரத்த அழுத்தத்துக்கு நிஃபெடிபின் ரிடார்ட் மாத்திரை. அப்பாவால் விழுங்க முடியவில்லை, பொடித்துக் கொடுக்கலாமா என்று மகள் மருந்துக் கடையில் கேட்டார். கடையில் சரி என்றார்கள்.

பிசியோ மாணவியின் சீட்டு: காலை ஒன்பது மணிக்குப் போய் உட்கார வைத்தால் 'கிறுகிறுன்னு வருது' என்கிறார், பயிற்சியை நிறுத்த வேண்டியிருக்கிறது. சாயங்காலம் போனால் அப்படி இல்லை.

ஐந்தாவது சீட்டு, வீட்டுக்கே வந்து பார்க்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' அரசுத் திட்டத்தின் பெண் தன்னார்வலர் வேடத்தில் இருப்பவருக்கு: காலை எட்டு மணிக்குப் படுத்தபடியே கஞ்சி ஊட்டுகிறார்கள். மாத்திரைப் பொடியும் அதே கஞ்சியில்தான்.

இனி நடப்பதைப் பாருங்கள். முதல் மூன்று நிமிடத்தில் மருத்துவ மாணவர் 'நிமோனியா, ஆன்டிபயாடிக் தொடங்கலாம்' என்று முடித்துவிடுவார். தப்பில்லை, ஆனால் பாதிதான். பிசியோ மாணவி தலைசுற்றல் பக்கவாதத்தால் வந்தது என்று நினைத்துக்கொண்டு சும்மா இருப்பார். நானும் இன்னொரு ஆசிரியரும் மியூட்டில் இருப்போம். ஒரு அறையில் பன்னிரண்டு நிமிடம் வரை எதுவும் நகரவில்லை. அப்புறம் தன்னார்வலர் வேடத்தில் இருந்த பெண் ஏதோ பேச்சுவாக்கில் 'எட்டு மணி கஞ்சி' என்றதும் பார்மசிப் பையன் மைக்கைத் திறந்தான். "எட்டு மணிக்கா? பொடிச்சா? ஐயோ, அது ரிடார்ட்டாச்சே!"

ரிடார்ட் மாத்திரை மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நேரம் எடுத்து வெளியே விடும்படி செய்தது. பொடித்தால் மொத்தமும் ஒரேயடியாக இறங்கும், அழுத்தம் சட்டென்று சரியும். ஒன்பது மணித் தலைசுற்றல் அங்கிருந்து வருகிறது. மாத்திரையை ஏன் பொடித்தார்கள்? விழுங்க முடியவில்லை. ஏன் முடியவில்லை? பக்கவாதம் விழுங்கும் தசைகளையும் தொட்டிருக்கிறது. நர்சிங் மாணவியின் சீட்டில் இருந்த இருமலும் ஈரக் குரலும் அதைத்தான் சொல்லின. கஞ்சி வயிற்றுக்குப் போவதோடு கொஞ்சம் நுரையீரலுக்கும் போகிறது, அதனால் காய்ச்சல். வெறும் ஆன்டிபயாடிக் எழுதி அனுப்பினால் பாட்டா அடுத்த மாதம் திரும்ப வருவார்.

அதற்குப் பிறகு திட்டம் போடுவது எளிது. விழுங்குவதைச் சோதிக்கும் வரை வாய்வழி எதுவும் வேண்டாம். பிறகும் நிமிர்த்தி உட்கார வைத்துத்தான் ஊட்ட வேண்டும். மாத்திரையை மாற்றுவதை மருத்துவரும் பார்மசிஸ்டும் பேசி முடிக்க வேண்டும். பிசியோ அதுவரை சாயங்காலம் போகலாம். அந்த அறையில் கடைசியாக ஒரு பெண் கேட்டாள்: "மேம், விழுங்குறதைச் சோதிக்கிறது ஸ்பீச் தெரபிஸ்ட் வேலைதானே? நம்ம டீம்ல அவங்க இல்லியே?" நாங்களே யோசிக்காத விஷயம். அடுத்த முறை ஒருவரைத் தேடிப் பிடித்தோம்.

பேசும் முறை என்று ஏதாவது சொல்லித் தருகிறீர்களா?

மூன்றே விஷயம். முதலாவது, தகவலை ஒப்படைக்கும் வரிசை: நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'எஸ்பார்' (SBAR) என்று பல இடங்களில் தெரியும். அமெரிக்கக் கடற்படையின் அணு நீர்மூழ்கிகளில் பழக்கத்தில் இருந்ததை அங்குள்ள கைசர் பெர்மனென்டே மருத்துவமனைகள் எடுத்து மருத்துவத்துக்குத் தைத்துக்கொண்டன. நர்சிங் மாணவிகள் முதல் மூன்றையும் அழகாகச் சொல்லிவிட்டு நாலாவதில் நின்றுவிடுவார்கள். 'சார், நீங்க வந்து பார்க்கணும்' என்ற ஒரு வரி தொண்டையில் சிக்கிக்கொள்ளும். அந்த வரியை மட்டும் பத்துத் தடவை சொல்ல வைப்பேன்.

இரண்டாவது, கேட்டதைத் திருப்பிச் சொல்வது. எண் வந்தால் இலக்கம் இலக்கமாக. ஏன் என்று மேலே சொல்லிவிட்டேன்.

மூன்றாவது, மறுப்புச் சொல்லும் படிகள். 'எனக்குக் கவலையா இருக்கு', அப்புறம் 'எனக்கு இது சரியாப் படல', அதற்கும் அசையாவிட்டால் 'இது நோயாளிக்கு ஆபத்து, நிறுத்துங்க'. இதுவும் அமெரிக்காவில் 2006-இல் வந்த டீம்ஸ்டெப்ஸ் என்ற மருத்துவக் குழுப் பயிற்சியில் உள்ளதுதான். தமிழில் சொல்லிப் பழக வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பேன். பதற்றத்தில் யாருக்கும் ஆங்கில வாக்கியம் வாயில் வராது.

மருத்துவ மாணவர்கள் முன் மற்றவர்கள் வாய் திறப்பார்களா?

முதல் வாரம் திறக்க மாட்டார்கள். இரண்டு பேருக்கும் இருபது வயதுதான், ஆனால் இவள் அவனை 'சார்' என்பாள், அவன் இவளை 'சிஸ்டர்' என்பான். வகுப்பில் சார், டாக்டர் எதுவும் வேண்டாம், பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்று விதி போட்டோம். விளைவு, இரண்டு வாரம் யாரும் யாரையும் கூப்பிடவே இல்லை. 'வந்து... அவங்க சொன்ன மாதிரி...' என்று மொட்டையாகவே ஓட்டினார்கள். மூன்றாம் வாரம் தானாக 'அண்ணா', 'அக்கா' வந்தது. சரி, நம்ம ஊருக்கு அதுதான் வரும் என்று விட்டுவிட்டோம். 'அண்ணா, நீங்க சொல்றது எனக்குச் சரியாப் படல' என்று ஒரு பெண் சொல்லிவிட்டால் வகுப்பு பாதி வென்ற மாதிரி.

ஒரு தந்திரமும் உண்டு. அறையில் முதலில் பேசுவது மருத்துவ மாணவராக இருக்கக் கூடாது. அவர் முதலில் பேசினால் மற்ற நாலு பேரும் தலையாட்டிவிட்டு முடித்துக்கொள்வார்கள்.

கடைசியில் முடிவெடுப்பது டாக்டர்தானே? பிறகு எதற்கு இந்தச் சமத்துவம்?

சில முடிவுகள் அவருடையவை, அதை யாரும் பிடுங்கவில்லை. ஆனால் நல்ல முடிவுக்கு வேண்டிய தகவல் அவர் கையில் முழுதாக இருப்பதில்லை. நோயாளியோடு அவர் இருப்பது சில நிமிடம், நர்ஸ் இருப்பது எட்டு மணி நேரம். சட்டமும் நகர்ந்திருக்கிறது. 2021-இல் வந்த தேசிய துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டம் பிசியோதெரபி உட்படப் பல தொழில்களுக்கு அங்கீகாரம் தந்தது. 2019-இல் தொடங்கிய எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்திலும் மனப்பான்மை, அறநெறி, தகவல் தொடர்பு மூன்றையும் சேர்த்து 'ஏட்காம்' என்று ஒரு பகுதி உண்டு. எங்கள் செவ்வாய்க்கிழமையை மருத்துவக் கல்லூரி ஆசிரியர்கள் அந்தக் கணக்கில் எழுதிக்கொள்கிறார்கள்.

நெட்வொர்க் கிடைக்காதவர்கள் என்ன செய்வது?

பேச்சிப்பாறைக்கு மேலே வீடு உள்ள பையன் ஒருவன் வீட்டுக்குப் போன வாரங்களில் ரப்பர் தோட்டத்து மேட்டில் நின்றுதான் சேருவான். மழைக் காலத்தில் அதுவும் இல்லை. நமக்கு மழைக் காலமும் இரண்டு, ஜூனில் ஒன்று, அக்டோபரில் ஒன்று. அதனால் வீடியோவைக் கட்டாயமாக்கவில்லை. குரல் போதும். அதுவும் வராவிட்டால் அதே வாரத்துக்குள் குழுவின் வாட்ஸ்அப்பில் இரண்டு நிமிட ஆடியோ அனுப்பலாம். கரண்ட் போனால் குறை சொல்வதில்லை. ஆனால் நல்ல சிக்னலில் கேமராவும் மைக்கும் அணைத்துவிட்டுச் சாப்பிடப் போகிறவரை எளிதில் கண்டுபிடித்துவிடலாம், ஏனென்றால் அவர் சீட்டு இல்லாமல் குழு நின்றுவிடும். அவர்களே போன் போட்டு இழுத்து வருவார்கள்.

சித்த, ஆயுர்வேத மாணவர்களைச் சேர்ப்பீர்களா?

சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி. எங்கள் குழுவிலேயே இதற்கு எதிர்ப்பு உண்டு, மறைப்பானேன். ஆனால் இந்த மாவட்டத்தில் கை பிசகினால் முதலில் வர்ம ஆசானிடம் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முட்டுவலிக்குக் கஷாயமும் ஆங்கில மருந்து மாத்திரையும் சேர்த்தே ஓடும். கஷாயத்தை டாக்டரிடம் சொல்ல மாட்டார்கள், மாத்திரையை வைத்தியரிடம் சொல்ல மாட்டார்கள். மாணவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தே இல்லை என்றால் நாளைக்கு யார் கேட்பார்கள்? யார் சிகிச்சை உசத்தி என்ற பட்டிமன்றம் மட்டும் கூடாது. கேள்வி ஒன்றுதான்: இவர் இப்போது என்னென்ன சாப்பிடுகிறார்?

உண்மையான நோயாளியைத் திரையில் காட்டுவீர்களா?

இல்லை. ஒரு ஸ்கிரீன்ஷாட் எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. அதற்குப் பதில், வீடு வீடாகப் போகும் தன்னார்வலர் ஒருவரை அழைத்துப் பேச வைக்கிறோம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் தன்னார்வலர், நோய் தணிப்பு (வலி, வேதனையைக் குறைக்கும் பராமரிப்பு) நர்ஸ், பிசியோதெரபிஸ்ட் மூவரும் ஒரே வீட்டுக்குப் போகிறார்கள். கூட்டு வேலைக்கு இதைவிடப் பக்கத்தில் உதாரணம் கிடையாது. அந்த அக்கா அரை மணி நேரம் பேசினால் என் பத்து ஸ்லைடும் வீண்.

கற்பனைக் கதையிலும் கவனம் வேண்டும். ஒருமுறை பேரிடர்ப் பயிற்சிக்கு 2017 ஒக்கிப் புயலை எடுத்தேன். தொடங்கி ஐந்து நிமிடத்தில் ஒரு கட்டம் அணைந்தது. தூத்தூர்ப் பக்கத்துப் பெண். கடலுக்குப் போன மாமா அந்தப் புயலில் திரும்பவில்லை என்று பிறகுதான் சொன்னாள். அன்றிலிருந்து கதையை முந்தின நாளே குழுவில் போட்டு, யாருக்காவது வேண்டாம் என்றால் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள் என்கிறேன்.

மதிப்பெண் உண்டா?

முதல் நாலு வாரம் இல்லை. மார்க் என்றதும் பழையபடி முன் வரிசை, பின் வரிசை வந்துவிடும். பிறகு குழுவுக்கு ஒரே மார்க், அதோடு ஒவ்வொருவரும் அரைப் பக்கம் எழுத வேண்டும்: 'அடுத்த தொழில்காரருக்குத் தெரிந்து எனக்குத் தெரியாமல் இருந்தது எது?' தொடக்கத்திலும் முடிவிலும் 19 கேள்வி கொண்ட மனப்பான்மை அளவுகோல் ஒன்றைக் கொடுக்கிறோம். 1999-இலிருந்து புழக்கத்தில் இருப்பது, 'ரிப்பிள்ஸ்' என்பார்கள். உண்மையைச் சொன்னால், அதில் எல்லாரும் முதல் நாளே நல்ல பிள்ளையாக டிக் அடித்துவிடுகிறார்கள். அரைப் பக்கம்தான் எதையாவது காட்டுகிறது.

எந்த வருட மாணவர்கள் சேரலாம்?

வார்டுக்குப் போகத் தொடங்கியவர்கள். முதல் வருடப் பிள்ளைகளுக்குத் தங்கள் வேலையே இன்னும் தெரியாது.

ஆசிரியர்கள் எத்தனை பேர் வேண்டும்?

மூன்று அறைக்கு இருவர், வெவ்வேறு தொழிலிலிருந்து. ஆள் கிடைப்பதைவிட வாயைக் கட்டுவது கஷ்டம். போன பருவத்தில் பார்மசி மாணவருக்குப் போக வேண்டிய கேள்விக்கு நானே பதில் சொல்லிவிட்டேன். பார்மசி ஆசிரியர் சாட்டில் எனக்கு மட்டும் ஒரு கும்பிடு பொம்மை அனுப்பினார்.

முழுக்க முழுக்க ஆன்லைனிலேயே முடித்துவிடலாமா?

முடியாது. பேசுவது, கேட்பது, திட்டம் போடுவது திரையில் வரும். உடம்பால் சேர்ந்து செய்யும் வேலை வராது. அதனால் பருவத்துக்கு ஒரு சனிக்கிழமை நேரில் வர வைக்கிறோம். அன்றைக்கு ஒரே பயிற்சி: கட்டிலில் இருக்கும் ஆளை நாற்காலிக்கு மாற்றுவது. இடது பக்கம் பலவீனம் என்றால் நாற்காலி எந்தப் பக்கம், கை எங்கே பிடிப்பது, 'ஒன்று, ரெண்டு, மூணு' யார் எண்ணுவது? மருத்துவ மாணவர்கள் பெரும்பாலும் கால்மாட்டில் கையைக் கட்டி நிற்பார்கள், எங்கே நிற்பதென்று தெரியாது. பிசியோ மாணவி, "அண்ணா, இங்க வந்து முட்டிக்குப் பக்கத்துல பிடிங்க, நான் மூணுன்னதும் தூக்கணும்" என்று இடம் காட்டுவாள். அவர்களும் வந்து பிடிப்பார்கள்.